ரேடியோ கேட்டு நான் சொன்னதும், சார் எழுதியதும்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் திருவேங்கடம் சார். அதற்குப் பிறகு செய்தவர்கள் எல்லாரையும் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிறுத்துவேன். அவர் தொழிலுக்கு வெளிநாட்டு விவகார, பாதுகாப்பு ஆய்வாளர் என்று பெயர். அடுத்த நாட்டுக்காரன் வாய் திறந்து சொல்வதைக் கேட்டு, அவன் சொல்லாமல் மறைப்பது என்ன என்று கண்டுபிடித்து, பத்திரிகையில் எழுதுவதுதான் அந்தத் தொழில். கேட்பவர்கள் அதை டெல்லித் தொழில் என்பார்கள். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அதில் பாதி வேலை ஜவ்வாது மலையில், காவலூருக்குப் போகும் பாதையை ஒட்டிய ஓர் ஓட்டு வீட்டில் நடந்தது. செய்தவன் ஐந்தாவது வரை படித்த நான்.

அவர் எனக்குத் தர வேண்டியது பணமில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது. எனக்கு வர வேண்டியது அச்சில் ஒரே ஒரு வரி. 'இதை முதலில் கண்டு சொன்னவர் ஆலங்காயம் கோவிந்தசாமி.' அவ்வளவுதான். வேலை ஒருவருக்கு, பெயர் ஒருவருக்கு என்று இருக்கும் இடத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. நாடுகளின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். வெளியே சொல்லக் கூடாது என்று சார் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். அவர் வாக்குத் தவறினார் என்பதற்காக நானும் தவற வேண்டுமா?

மாடு வாங்க வந்தவர்

அப்போது நான் ஆலங்காயம் பக்கத்தில் மாட்டுத் தரகன். சார் டெல்லியில் இருபது வருஷம் இருந்துவிட்டு, நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று வைத்தியர் சொன்னதால் இங்கே வந்திருந்தார். மலைமேல் ரேடியோவும் இரைச்சல் இல்லாமல் கேட்கும் என்பது அவருடைய இன்னொரு எண்ணம். வீட்டுக்கு ஒரு கறவை மாடு வேண்டும் என்று சந்தைக்கு வந்தார். விற்க வந்தவன், "ரெண்டாம் ஈத்துங்க, பால் நல்லா குடுக்கும். உதைக்காது, முட்டாது, கயிறு அறுக்காது, கொழந்த கூட போய் மடியத் தொடலாம்" என்று மூச்சு விடாமல் சொன்னான். நான் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாடு வேண்டாம் என்றேன். ஏன் என்றார். "பாலைப் பத்தி ஒரு வார்த்த சொன்னான். உதைக்காதுங்கிறத நாலு விதமா சொன்னான். உதைக்குமான்னு நீங்க அவன கேக்கவே இல்லீங்களே" என்றேன்.

சார் மாட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியாது என்றேன். இங்கிலீஷ் தெரியாது என்றதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அன்றைக்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்காத நான், ஆளை அப்படியே நம்பிவிட்டேன். அவர் சொன்னார்: "மாடு கெடக்கட்டும், கோவிந்தசாமி. நீங்க என்னோட வந்து ரேடியோ கேளுங்க."

மரத்தில் கட்டிய கம்பி

அந்தக் காலத்தில் பல வெளிநாட்டு ரேடியோக்கள் தமிழிலும் ஒலிபரப்பின. சார் இங்கிலீஷ் ஒலிபரப்பைக் கேட்பார். நான் காலையிலும் சாயங்காலமும் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். இங்கிலீஷில் பேசும்போது எல்லா நாட்டுக்காரனும் ஜாக்கிரதையாக இருப்பான், தமிழில் பேசும்போது கொஞ்சம் அசந்துவிடுவான் என்பது சாருடைய எண்ணம். என்ன சொன்னார்கள் என்பதோடு, எங்கே தொண்டையைச் செருமினார்கள், நேற்று சொன்னதில் எது இன்றைக்கு இல்லை என்பதையும் நான் எழுதினேன். அப்படி எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. அது என் பழக்கம்.

அலை நன்றாகக் கிடைக்க, வீட்டுப் புளியமரத்திலிருந்து எதிர்ச் சரிவிலுள்ள இன்னொரு புளியமரம் வரைக்கும் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினோம். எதிர் மரம் மலைக்காரர்களுடையது. அந்த வருஷம் அதில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் நான்கு பேரோடு வந்து நின்றார். "காவலூர்ல பெரிய கொழா வெச்சி நட்சத்திரம் பாக்குறாங்க. அது மேல போவுது, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உன் கம்பி குறுக்கால போவுதே, அது இன்னாத்த இழுக்குது?" என்று கேட்டார். பேச்சை இழுக்கிறது என்றேன். எவன் பேச்சு என்றார். நீங்களே கேளுங்கள் என்று ரேடியோவைத் திருப்பினேன். அந்த நேரம் ஒரு நாட்டுக்காரர் அண்டை நாட்டுத் தலைவர்களை ஓநாய்கள், எடுபிடிகள், அழுகிய பிணங்கள் என்று சுத்தமான தமிழில் திட்டிக்கொண்டிருந்தார். கவுண்டர் கடைசிவரை அசையாமல் நின்று கேட்டார். பிறகு கூட வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பூ உதிராம இன்னா செய்யும்? நாள் பூரா இந்தப் பேச்சு அது மேல பட்டுக்கினே கீதே!"

ஏட்டு எடுத்துப் போன நோட்டுகள்

மலையில் ஒருவன் கம்பி கட்டி வெளிநாட்டோடு பேசுகிறான் என்று யாரோ போலீசுக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். எனக்குத் தபால்காரர் மேல் சந்தேகம். அவர் இல்லை என்று சத்தியம் செய்தார். கேட்பதற்கு முன்பே சத்தியம் செய்ததால் சந்தேகம் கூடிவிட்டது. சார் மெட்ராஸ் போயிருந்த நாளாகப் பார்த்து ஏட்டு வந்தார். என் நோட்டைப் பிரித்து விரல் வைத்துப் படித்தார். "'கப்பல் பற்றி இன்று பேச்சில்லை. நேற்று மூன்று முறை.' எந்தக் கப்பல்யா? எங்க நிக்குது?" என்றார். எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் சொல்ல மனமில்லை, அதனால்தான் பேச்சில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று நோட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

சார் திரும்பி வந்ததும் என்னை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். "இவர் கேட்டதை எழுதறவர், அவ்வளவுதான். ஆராய்ச்சி முழுக்க என்னுடையது" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அந்த வாக்கியத்தை அவர் பிறகு மாற்றவே இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாள் கழித்து ஏட்டு நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க அவரே மலையேறி வந்தார். கறுத்த முகம், களைத்த கண். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுச் சொன்னார்: "மூணு நோட்டையும் முழுசா படிச்சேன்யா. அதுல ஒருத்தன் கூட உண்ம பேசல. எங்க லாக்கப்பே பரவால்ல."

மூச்சு வாங்கிய அம்மா

ஒரு வெளிநாட்டு ரேடியோவில் ஓர் அம்மா தமிழில் செய்தி வாசிப்பார். மணி அடித்த மாதிரிக் குரல். சில மாதங்களாக நீளமான வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்க நிற்க ஆரம்பித்தார். நான் நோட்டில் குறித்து வந்தேன். பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும் வேறு ஆள் வாசித்தார். சார் பரபரப்பாகிவிட்டார். அந்த நாட்டில் உள்ளுக்குள் ஏதோ தகராறு, ரேடியோவிலிருந்தே ஆட்களைக் களையெடுக்கிறார்கள் என்றார். நான், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், அந்தம்மா முழுகாம இருந்தாங்க, பிரசவத்துக்குப் போயிருப்பாங்க" என்றேன். நானாக நினைத்துச் சொல்லவில்லை. என் வீட்டில் மூன்று பிரசவம். ஏழாம் மாதத்தில் என் வீட்டுக்காரி சரோஜா என்னைத் திட்டும்போது கூட இதே இடங்களில்தான் நின்று மூச்சு வாங்குவாள்.

சார் கேட்கவில்லை. 'ஒலிபரப்பில் களையெடுப்பு' என்று பெரிய கட்டுரை எழுதி அனுப்பினார். அதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி எழுதினார்களாம். நான்கு மாதம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார். நேயர் கடிதம் படிக்கும் நிகழ்ச்சியில், தன்னைக் காணோமே என்று விசாரித்து எழுதிய தமிழ்நாட்டு நேயர்களுக்கு நன்றி, தனக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். நான் ரேடியோவை அப்படியே தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவரும் காதால் கேட்டார். மறுப்பு எழுதுவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கொழந்தைங்கிறது அவங்க கட்டிவிட்ட கதையா இருக்கலாம் இல்லையா, கோவிந்தசாமி?"

வாய் மூடினால் பேரம்

இதுதான் எனக்கு வர வேண்டிய வரியின் கதை. புளியமரத்துப் பூவை உதிர்த்தார் என்று கவுண்டர் குற்றம் சொன்னாரே, அந்த நாட்டுக்காரர் ஆறேழு வருஷமாக அண்டை நாட்டைத் தினமும் திட்டினார். ஒரு தை மாதத்தில் 'அழுகிய பிணங்கள்' நின்றது. மாசியில் 'எடுபிடிகள்' நின்றது. 'ஓநாய்கள்' மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வந்து, பிறகு அதுவும் இல்லை. திட்டுவதற்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் நெல் விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். சார் இதைக் கவனிக்கவே இல்லை. இங்கிலீஷ் ஒலிபரப்பில் திட்டு முன்பு போலவே இருந்தது என்று பிறகு சொன்னார். நான் நோட்டை அவர் முன்னால் வைத்து, இரண்டு பேரும் ரகசியமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்.

எங்கள் சந்தையில் மாட்டுக்கு விலை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேரும் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இந்த மாடு ஒரு மாடா, இதற்கு இவ்வளவு விலையா என்று சத்தம் போடுகிறவன் வாங்க மாட்டான். அந்தச் சத்தம் ஊருக்காக. கத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று வாயை மூடிவிட்டான் என்றால், அவன் கை துண்டுக்கு அடியில் போய்விட்டது என்று தரகனுக்குத் தெரியும். "வாய் மூடிடுச்சு சார். கை துண்டுக்கு அடியில கீது" என்றேன். சார் துண்டு விஷயத்தை மூன்று முறை கேட்டார். என் கையையே பிடித்து, எந்த விரலுக்கு என்ன விலை என்று செய்து பார்த்தார்.

எட்டு மாதம் கழித்து அந்த இரண்டு நாடுகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதாக உலகத்துக்கே சொன்னார்கள். சார் அதை முன்பே ஒரு பெரிய பத்திரிகையில் எழுதியிருந்ததால் டெல்லியில் அவருக்கு ஏக மரியாதை. தந்திமேல் தந்தி வந்தது. காரில் ஆட்கள் வந்தார்கள். நான் அவர்களுக்கு டீ கொடுத்தேன். ஒருவர் கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் போன பிறகு, என் பெயர் கட்டுரையில் வந்ததா என்று கேட்டேன். சார் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "கட்டுரையில எடமில்ல. புத்தகம் வருது பாருங்க, முதல் பக்கத்துலயே உங்க பேரு."

பாஷா வாத்தியார் படித்துக் காட்டியது

புத்தகம் இரண்டு வருஷம் கழித்து வந்தது. நல்ல கெட்டி அட்டை. சார் எனக்கு ஒரு பிரதி கொடுத்தார், உள்ளே கையெழுத்தும் போட்டிருந்தார். முழுக்க இங்கிலீஷ். முதல் பக்கத்தில் என் பெயர் எங்கே என்று கேட்டதற்கு, இதோ இருக்கிறது என்று ஒரு பத்தியை விரலால் தடவிக் காட்டினார். எந்தச் சொல் என்று காட்டவில்லை. தடவிய விரலை நான் நம்பவில்லை. மறுநாளே பஸ் ஏறி வாணியம்பாடிக்குப் போனேன். அங்கே பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பாஷா வாத்தியார் எனக்குப் பழக்கம். அவருக்கு ஒரு நல்ல எருமை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வாத்தியார் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பத்தியைப் படித்தார். சம்சாரத்துக்கு நன்றி. வைத்தியருக்கு நன்றி. டெல்லி நண்பர்கள் ஆறு பேருக்கு நன்றி. பிறகு அத்தியாயத் தலைப்புகளைப் படித்தார். நான்காவது அத்தியாயத்தின் பெயர் 'துண்டுக்கு அடியில் கைகள்'. அதைக் கேட்டதும் அந்த அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னேன். 'கிராமச் சந்தைகளில் நான் கண்ட ஒரு வழக்கம்' என்று ஆரம்பித்தது. அவர் சந்தைக்கு வந்ததே ஒரு நாள்தான், அன்றைக்கும் மாடு வாங்கவில்லை. கடைசிப் பக்கம் வரை தேடச் சொன்னேன். வாத்தியார் பொறுமையாகத் தேடினார். பிறகு புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "மலைக்காத்துக்குக் கூட நன்றி எழுதிக்கிறாரு அண்ணே. அந்தக் காத்துல நீங்களும் இருந்தீங்கன்னு வெச்சிக்கோங்க."

இல்லாத புல்லாங்குழல்

அன்றைக்கே வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. விட்டுவிட்டால் என் வரியைக் கேட்க ஆளில்லாமல் போய்விடும். அவர் எழுதுவதெல்லாம் என் நோட்டிலிருந்து வருகிறது என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்று யோசித்தேன். என் நோட்டில் மட்டும் இருக்கிற, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு விஷயம் அவர் கட்டுரையில் வந்துவிட்டால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசலாம் அல்லவா? அதனால் ஒரு பொய்யை எழுதினேன். ஒரு நாட்டு ரேடியோ, ராணுவம் எங்கேயாவது நகரும் நாட்களில் மட்டும், செய்திக்கு முன்னால் இரண்டு நிமிஷம் கூடுதலாகப் புல்லாங்குழல் வாசிக்கிறது என்று மூன்று வாரம் விடாமல் குறித்தேன். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அங்கே புல்லாங்குழலே கிடையாது.

சார் ஒருநாளும் தானே கேட்டுப் பார்க்கவில்லை. கட்டுரை வந்தது. பாஷா வாத்தியார் படித்துச் சொன்னார்: 'என் இருபது வருஷப் பழக்கத்தில் நான் கண்டுபிடித்த ஓர் அடையாளம்.' எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கட்டுரையை வெட்டி மடித்துப் பெட்டியில் வைத்தேன். பொங்கல் கழித்து, டெல்லிக்காரர்கள் வரும் நாளில், எல்லார் முன்னாலும் எடுத்து வைப்பது என்று இருந்தேன். வாத்தியாருக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பொய்யி உங்களுதுன்னு நீங்க சொன்னா, மத்ததெல்லாம் உண்மைன்னு எவன் அண்ணே நம்புவான்?"

என் பெயர் அச்சில் வந்தது

பொங்கல் வரை ஆகவில்லை. வேறு ஊரில் ஓர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அந்த ரேடியோவைத் தினமும் டேப்பில் பிடித்து வைத்திருந்தாராம். புல்லாங்குழல் எங்கே, ஒரு நாளாவது காட்டட்டும் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டார். அடுத்த இதழ் வந்த அன்று சார் ஆலங்காயத்துக்கு, என் வீட்டுக்கே வந்தார். பதினொரு வருஷத்தில் அவர் என் வீட்டு வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. சரோஜா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி கொடுத்தாள். சார் பத்திரிகையைப் பிரித்து, தன் பதிலை நிதானமாகத் தமிழில் சொன்னார். "'இந்தத் தவறு என்னுடையதல்ல. என்னிடம் ரேடியோ குறிப்பு எழுதும் ஆலங்காயம் கோவிந்தசாமி என்பவரின் கவனக்குறைவால் நேர்ந்தது.'"

சரோஜா, "உங்க பேரா வந்துகீது?" என்று உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். நான் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது தவறில்லை, வேண்டுமென்றே எழுதியது, துண்டு விஷயத்துக்காக எழுதியது என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. காப்பியை ஆற்றிக் குடித்தார். புல்லாங்குழல் இல்லை என்று தெரிந்தேதான் அந்தக் கட்டுரையை விட்டாரோ என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. துண்டு விஷயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும் என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "பேரு வேணும், பேரு வேணும்னு கேட்டீங்களே, கோவிந்தசாமி. ஒரு எழுத்து கூடப் பிசகாம போட்டுட்டேனே!"

ஆக, பதினொரு வருஷத்தில் நான் சரியாகச் சொன்னதெல்லாம் அவர் பெயரிலும், வேண்டுமென்றே தப்பாகச் சொன்ன ஒன்று மட்டும் என் பெயரிலும் அச்சேறியிருக்க, எனக்கு வர வேண்டிய அந்த ஒரு வரி இன்றுவரை வந்து சேரவில்லை.